சர்வர் மொத்தமும் மெதுவு, ஆனால் எந்த ஃபங்ஷனும் மாட்டவில்லை. எங்கே தேடுவது?

ராப்பணி:
வணக்கம். உதிரிபாக மொத்த வியாபாரக் கடை ஒன்றின் பில்லிங் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். கிளவுட் எல்லாம் கிடையாது, கடை மாடியில் ஒரே ஒரு பெட்டி. 8 கோர், 32 ஜிபி, டெபியன் 12, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதன்மேல் பைத்தானில் எழுதிய பில்லிங் புரோகிராம்.

மூன்று வாரத்துக்கு முன் மதர்போர்டு போய்விட்டது. அதே மாடலில் இன்னொன்று வாங்கிப் போட்டோம். பிராசஸர், ராம், டிஸ்க் எல்லாம் பழையவைதான். அன்று சாயங்காலத்திலிருந்து, 0.4 வினாடியில் விழுந்த பில் ஒன்றரை வினாடி எடுக்கிறது.

எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பைத்தானுக்குள் அளக்கும் சீபுரொஃபைல் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று மட்டும் தனியாக வீங்கியிருந்தால் பிடித்திருப்பேன். எல்லா ஃபங்ஷனும் கொஞ்சம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, தேதியை வடிவமைக்கும் மூன்று வரி ஃபங்ஷன் உட்பட. மெதுவான குவெரிகளைப் பிடிக்கலாம் என்று, குவெரி ஓடிய விதத்தைப் போஸ்ட்கிரெஸ் லாகில் எழுதும் ஆட்டோ எக்ஸ்பிளெயினை, நேரமும் அளக்கும் அனலைஸோடு சேர்த்துப் போட்டேன். அப்புறம் இன்னும் மோசம். டாப் கமாண்டில் யூசர் (புரோகிராம்கள்) 30%, சிஸ்டம் (இயங்குதளத்தின் மையமான கர்னல்) 45%, ஐஓ வெயிட் (டிஸ்க்குக்குக் காத்திருப்பது) பூஜ்யம். அடுத்து என்ன செய்வது?

தேங்காய்நார்:
இண்டெக்ஸ் விட்டுப்போயிருக்கும். வேக்கம் அனலைஸ் ஓட்டிப் பாருங்கள்.

ராப்பணி:
ஓட்டியாச்சு. பிளான் எல்லாம் பழையபடியே இண்டெக்ஸ் ஸ்கேன்தான்.

பழைய கர்னல்:
தம்பி, சிஸ்டம் 45% என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் பார்க்க வேண்டும். சீபுரொஃபைலுக்குத் தன் வீட்டுக்குள் நடப்பது மட்டும்தான் தெரியும். பைத்தான் கர்னலுக்குள் போய் எதற்காகக் காத்து நின்றது, பக்கத்தில் போஸ்ட்கிரெஸ் என்ன செய்தது, எதுவும் அதற்குத் தெரியாது. பெட்டி முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கப் பெர்ஃப் இருக்கிறது. 2009-லிருந்து லினக்ஸ் கர்னலோடே வருவது. டெபியனில் லினக்ஸ் பெர்ஃப் என்ற பேக்கேஜைப் போடுங்கள். ரூட்டாக இருந்து ஓட்டுங்கள், சாதாரண யூசருக்கு டெபியன் விடாது.

கடையில் கூட்டம் இருக்கும்போது பெர்ஃப் ரெக்கார்ட் ஓட்டுங்கள். மைனஸ் ஏ போட்டால் எல்லா கோரும் வரும், மைனஸ் ஜி போட்டால் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதும் வரும். வேகம் வினாடிக்கு 99 சாம்பிள், அதாவது எது ஓடுகிறது என்று கோருக்கு 99 தடவை எட்டிப் பார்ப்பது; நேரம் 30 வினாடி. ஏன் 100 இல்லை என்று எல்லோரும் கேட்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் நிறுத்தத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தால், ஒன்று எப்போதும் பஸ் நிற்கும், இல்லாவிட்டால் ஒருநாளும் நிற்காது. சிஸ்டத்துக்குள் டைமர்கள் 100, 250, 1000 என்று முழு எண்ணில்தான் துடிக்கின்றன. 99 என்றால் அவற்றோடு தாளம் சேராது.

8 கோர், 30 வினாடி என்றால் அதிகபட்சம் 23,760 சாம்பிள். கோர் சும்மா இருக்கும் நேரத்துக்குச் சாம்பிள் விழாது என்பதால் உங்களுக்குக் குறைவாகவே வரும். ஒன்றைக் கவனியுங்கள்: இது ஓடிக்கொண்டிருப்பதை மட்டுமே பிடிக்கும். டிஸ்க்குக்கோ லாக்குக்கோ தூங்கிக் காத்திருப்பது இதில் விழாது. உங்கள் ஐஓ வெயிட் பூஜ்யம் என்பதால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

டெபியன் 12 பேக்கேஜ்கள் ஃபிரேம் பாயிண்டர் (யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று பின்தொடர உதவும் குறி) இல்லாமல் கம்பைல் ஆனவை. அதனால் யூசர் பக்க ஸ்டாக், அதாவது கூப்பிட்ட வரிசை, பாதியில் அறுந்து தெரியும். ஃபெடோரா 38, உபுண்டு 24.04-லிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். கர்னல் பக்கம் உங்களுக்கு ஒழுங்காகவே வரும், இப்போதைக்கு அது போதும்.

ராப்பணி:
அண்ணே, ஓட்டினேன். 18 ஆயிரம் சொச்சம் சாம்பிள். முதல் வரியிலேயே ரீட் ஹெச்பெட், 41%. கூப்பிடுவது கிளாக் கெட் டைம். பைத்தான், போஸ்ட்கிரெஸ் இரண்டிலிருந்தும் வருகிறது. நான் எழுதிய எதிலும் இந்தப் பெயர் இல்லையே?

பழைய கர்னல்:
நீங்கள் எழுதவில்லை, ஆனால் கூப்பிடுகிறீர்கள். உங்கள் சர்வர் மணி பார்த்தே களைத்துப்போகிறது.

வழக்கமாக நேரம் கேட்டால், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் டிஎஸ்சி என்ற எண்ணியைப் படித்துவிடுவார்கள். கர்னலுக்குள் போகவே வேண்டாம், சில பத்து நானோ வினாடியில் முடிந்துவிடும். ஆனால் கர்னல் ஒரு காவலாளியை வைத்து டிஎஸ்சியை இன்னொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒத்துவராவிட்டால் நம்ப முடியாதது என்று முத்திரை குத்தி ஹெச்பெட்டுக்கு மாறிவிடும். ஹெச்பெட் பிராசஸர் கோருக்கு வெளியே இருக்கும் கடிகாரம். ஒவ்வொரு தடவையும் சிஸ்டம் கால் போட்டு உள்ளே போய்ப் படிக்க வேண்டும். 8 கோருக்கும் அது ஒன்றுதான், குழாயடி வரிசை மாதிரி.

இப்போது உங்கள் புதிரைப் பாருங்கள். சீபுரொஃபைல் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நுழையும்போதும் வெளியேறும்போதும் மணி பார்க்கிறது. அதனால்தான் எல்லாமே சமமாக வீங்கின. அனலைஸ் ஒவ்வொரு ரோவுக்கும் மணி பார்க்கிறது. அதனால்தான் ஆட்டோ எக்ஸ்பிளெயின் போட்டதும் இன்னும் மோசமானது. நோயைத் தேடப் போட்ட கருவியே நோயைக் கூட்டியிருக்கிறது! உங்கள் பில்லிங் புரோகிராமிலும் நேரம் அளந்து லாக் எழுதும் ஏதாவது இருக்குமே?

கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் டிஎஸ்சி அன்ஸ்டேபிள் என்று வரி இருக்கிறதா பாருங்கள். ஒரு தடவை மணி பார்க்க எவ்வளவு நேரமாகிறது என்று அளக்க, போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி டெஸ்ட் டைமிங்கையும் ஓட்டுங்கள்.

ராப்பணி:
இருக்கிறது! பூட் ஆகி இரண்டு மணி நேரம் கழித்து அந்த வரி. டெஸ்ட் டைமிங்கில் ஒரு தடவைக்கு 1,300 நானோ வினாடி. ஆமாம், எல்லா ஃபங்ஷன் தலையிலும் நேரம் அளக்கும் டெக்கரேட்டர் ஒன்று இருக்கிறது. நான்தான் வைத்தேன், மறந்தேபோய்விட்டது. கர்னலிடம் டிஎஸ்சியை நம்பு என்று பூட் வரியில் சொல்லிவிடலாமா?

பழைய கர்னல்:
வேண்டாம். உண்மையிலேயே கோர்களுக்குள் டிஎஸ்சி ஒத்துப்போகவில்லை என்றால் நேரம் பின்னோக்கி நகரும். பில்லிங் சர்வரில் அந்த விளையாட்டு கூடாது. புது போர்டில் எந்த பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) இருக்கிறது, பழையதில் எது இருந்தது என்று பாருங்கள்.

ராப்பணி:
ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கடையில் கொடுத்த போர்டில் முதல் வெளியீட்டு பயாஸே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புதுப்பித்தேன். அதற்கப்புறம் டிஎஸ்சி நகரவில்லை. டெஸ்ட் டைமிங் 30 நானோ வினாடி, பில் பழையபடி 0.4. டெக்கரேட்டரையும் எடுத்துவிட்டேன். முதலாளிக்கு விளக்கப் பார்த்தேன். "மணி பார்க்குறதுக்கே நேரம் போயிருக்குங்கற" என்றார். நன்றி அண்ணே.

தேங்காய்நார்:
என் பெட்டியில் கடிகாரத்தின் பெயர் ஏசிபிஐ பிஎம் என்று காட்டுகிறதே, அதுவும் இந்த ரகம்தானா?

பழைய கர்னல்:
அதுவும் மெதுவான கடிகாரம்தான். டிமெசேஜ் வரிகளோடு தனியாக ஒரு கேள்வி போடுங்கள்.