பத்தாம் தரப் பிள்ளைகளைத் தாங்களாகவே புத்தகம் தெரிவு செய்ய வைப்பது எப்படி?

கேள்வி: தமிழ் டீச்சர், தலவாக்கலை

தோட்டப் பாடசாலை, தரம் 10. வகுப்பில் 36 பேர். நூலகத்துக்குத் தனி அறை இல்லை. இரண்டு இரும்பு அலுமாரியில் முந்நூறு புத்தகம் மட்டில் இருக்கு. கிழமைக்கு ஒரு பாடவேளை, 40 நிமிஷம், வாசிப்புக்கு. அலுமாரியைத் திறந்துவிட்டால் ஆக மெல்லிய புத்தகத்துக்குத்தான் அடிபிடி. மற்றவர்கள் "நீங்களே ஒன்று எடுத்துத் தாங்க மிஸ்" என்று நிற்கிறார்கள். எடுத்துக் கொடுத்தால் அடுத்த கிழமை திறக்காமலே திரும்பி வருகிறது. ஆசையோடு தெரிவு செய்ய வைக்க என்ன வழி?

பதில் 1: நூலகப் பொறுப்பாசிரியர், பண்டாரவளை

முந்நூறு புத்தகத்தை ஒரேயடியாகக் காட்டாதீங்க மிஸ். பழக்கமில்லாத பிள்ளைக்கு அது தெரிவு இல்லை, திகைப்பு. முதலில் 42 புத்தகம் மட்டும் வெளியே எடுங்க. ஆறு மேசை, மேசைக்கு ஏழு. ஒவ்வொரு மேசையும் ஒரு வகை: மர்மமும் பேய்க்கதையும், விளையாட்டு வீரர் வாழ்க்கை, மலையகக் கதைகள், மொழிபெயர்ப்பு, விஞ்ஞானம், சித்திரக்கதை. குழுவுக்கு ஆறு பேர். ஆறு பேருக்கு ஏழு புத்தகம் என்பதைக் குறைக்க வேண்டாம். கடைசியாகக் கை நீட்டுகிற பிள்ளைக்கும் இரண்டில் ஒன்று எடுக்கக் கிடைக்க வேணும்.

விளக்கம் சொல்ல 5 நிமிஷம். பிறகு மேசைக்கு 5 நிமிஷம் வீதம் ஐந்து சுற்று. ஒரு மேசை விடுபட்டால் பரவாயில்லை, அடுத்த கிழமை பார்க்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புத்தகத்தின் முன்னட்டை, பின்னட்டை, முதல் பக்கம், நடுவில் ஏதாவது ஒரு பக்கம். பிடித்திருந்தால் துண்டில் பெயரை எழுதிக்கொள்ள வேணும், அவ்வளவுதான். மிச்சப் பத்து நிமிஷத்தில் ஒன்றை எடுத்துப் பதிந்துகொண்டு போகலாம்.

இது பிழைக்கிற இடம் ஒன்றுதான்: சுற்று நடக்கும்போது நாம் போய் "இது நல்ல புத்தகம்" என்று சொல்வது. வாத்தியார் நல்லது என்றால் பரீட்சைக்கு வரும் என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும். ஒரே புத்தகத்தை நாலு பேர் கேட்டால் காத்திருப்போர் பெயரைப் பலகையில் எழுதிவிடுங்க. அந்தப் பட்டியலைப் பார்த்தே இன்னும் இரண்டு பேர் கேட்பார்கள். பல பாக வரலாற்று நாவல் இருந்தால் முதல் பாகத்தை மட்டும் வையுங்க.

பதில் 2: பொது நூலகப் பணியாளர், ஹட்டன்

அலுமாரியையும் கொஞ்சம் பாருங்க டீச்சர். நம்ம பக்கம் பாடசாலைப் புத்தகத்துக்கெல்லாம் பிரவுன் பேப்பர் உறை போட்டு முதுகில் இலக்கம் ஒட்டிவிடுவார்கள். பாதுகாப்புத்தான், ஆனால் முந்நூறும் ஒரே மாதிரி இருந்தால் எதைப் பார்த்து ஆசைப்படுவது? உறையைக் கழற்றி, தெளிந்த பிளாஸ்டிக் உறை போடுங்க. கிழமைக்குப் பத்துப் புத்தகத்தை அட்டை வெளியே தெரிய நிறுத்தி வையுங்க.

அடுத்தது பூஞ்சணம். மே தொடக்கம் மழைக்காலம் முடியும்வரை அலுமாரி பூட்டியே கிடந்தால் மணம் பிடித்துவிடும், பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வைத்துவிடுவார்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்க, புத்தகங்களை நெருக்கி அடைக்காதீங்க. பூஞ்சணம் பிடித்ததை ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவும். வெயில் உள்ள நாளில் வெளியே நிழலில் காயவிட்டு, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு காய்ந்த தூரிகையால் தட்டுங்க.

பதில் 3: ஓய்வுபெற்ற ஆசிரியர், பதுளை

மெல்லிய புத்தகம் எடுப்பதைச் சோம்பல் என்று முடிவு கட்ட வேண்டாம். தரம் 10இலும் எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை இருக்கும். அதை மறைக்கத்தான் மெல்லியதைப் பிடிக்கிறது. ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் ஐந்துக்கு மேல் வந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம் என்று அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அவர்களுக்குச் சிறுகதைத் தொகுதிதான் சரி. எட்டுப் பக்கத்தில் ஒன்று முடிந்துவிடும், முடித்த தெம்பு வரும்.

அந்த மலையக மேசையை முதலாவதாக வையுங்கள். லயம் (தோட்டத்து வரிசை வீடு), மஸ்டர் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடம்), கொழுந்துக்கூடை என்று வரும்போது உங்கள் பிள்ளைகளுக்கு அருஞ்சொல் விளக்கம் தேவையில்லை. மலையக எழுத்தாளர் ஸி.வி. வேலுப்பிள்ளை 1947இல் உங்கள் தலவாக்கலைத் தொகுதியிலிருந்தே பாராளுமன்றம் போனவர் என்று ஒரு வரி சொன்னால் போதும், அட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள். தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைகளும் இருக்கட்டும். அலுமாரியில் இல்லாவிட்டால், 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள் ஏராளம், வாசிக்கக் காசு வேண்டாம்.

ஒன்றில் நான் கண்டிப்பு: வாசித்ததும் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் நடக்கிற கட்டுரைப் போட்டியே போதும். எழுத வராதவன் வாசிப்பையும் விட்டுவிடுவான்.

தமிழ் டீச்சர், தலவாக்கலை

நன்றி சேர். சுருக்கம் எழுதாவிட்டால் வாசித்தார்களா என்று எப்படித் தெரியும்? மேசையும் ஆறு கிடையாது, நீள வாங்குதான்.

பதில் 1இன் ஆசிரியர், மீண்டும்

அமைதியாக வாசிக்கிற பாடவேளையில் ஆறு பேரைத் தனித்தனியாகக் கூப்பிடுங்க, ஆளுக்கு இரண்டு நிமிஷம். ஆறு கிழமையில் முழு வகுப்பும் முடியும். "எந்த இடத்தில் நிற்கிறாய், அடுத்தது என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்" என்று கேட்டாலே வாசித்ததும் வாசிக்காததும் வெளிச்சம். இருபது பக்கம் தாண்டியும் பிடிக்கவில்லை என்றால் மாற்ற விடுங்க. ஆனால் ஏன் என்று ஒரு வசனம் சொல்ல வேணும். "கதை தொடங்கவே நேரம் எடுக்குது" என்று சொன்னால் அடுத்ததாக எதை நீட்டலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வாங்கு என்றால் ஆட்களை அசைக்க வேண்டாம். பிஸ்கட் வருகிற கார்ட்போட் பெட்டி ஆறு எடுத்து, வகைப் பெயரை எழுதி ஒட்டி, பெட்டியை வரிசை வரிசையாகக் கைமாற்றுங்க. பெட்டிக்குள் ஏழும் இருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் எண்ண ஒரு பிள்ளையை விடுங்க. இல்லாவிட்டால் பேய்க்கதைப் பெட்டி மூன்றாவது வரிசையைத் தாண்டாது.