அமெரிக்காவில் ஹோம் இன்ஷூரன்ஸ்: உங்கள் நகைக்கு எவ்வளவு கிடைக்கும்?

முதல் வீடு வாங்கி க்ளோசிங்குக்கு (கையெழுத்துப் போட்டு வீடு நம் பெயருக்கு மாறும் நாள்) காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மார்ட்கேஜ் தரும் வங்கி கேட்கிறதே என்று கடைசி வாரத்தில் அவசர அவசரமாக ஹோம் இன்ஷூரன்ஸ் எடுப்போம். வங்கியின் கவலையெல்லாம் கட்டடத்தைப் பற்றித்தான். உள்ளே இருக்கும் நம் சாமான்களைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும்.

பாலிசியின் டெக்லரேஷன் பேஜை, அதாவது எதற்கு எவ்வளவு காப்பீடு என்று சுருக்கமாகச் சொல்லும் பக்கத்தை, எடுத்துப் பாருங்கள். 'கவரேஜ் ஏ' என்பது கட்டடம், 'கவரேஜ் சி' என்பது வீட்டுச் சாமான். பொதுவாக சி-யின் தொகை ஏ-யில் 50 முதல் 70 சதவீதம் வரை இருக்கும். கட்டடம் 4 லட்சம் டாலர் என்றால் சாமானுக்குக் குறைந்தது 2 லட்சம். பெரிய தொகைதான். ஆனால் நகை திருடு போனால் அந்தத் தொகை உங்கள் கைக்கு வராது.

சொந்த வீட்டுக்கு வழக்கமாக எடுக்கும் எச்.ஓ.-3 என்ற வகைப் பாலிசியில் திருட்டுப் போன நகைக்கு வரம்பு 1,500 டாலர். ஒரு நகைக்கு அல்ல, எல்லா நகைக்கும் சேர்த்து. சில கம்பெனிகள் கொஞ்சம் கூட்டித் தருகின்றன, அவ்வளவுதான். இன்றைய விலையில் இரண்டு பவுன் சங்கிலி ஒன்றே அந்த வரம்பைத் தாண்டிவிடும். அப்புறம் தாலிக்கொடி, வளையல், கல்யாணத்துக்குப் போட்ட ஆரம் எல்லாம் எங்கே போவது? அட்சய திருதியைக்கு வாங்கி வைத்த தங்கக் காசின் கதை இன்னும் மோசம். அதை ரொக்கத்தோடு சேர்த்துவிடுவார்கள், வரம்பு 200 டாலர். வெள்ளித் தட்டு, டம்ளர் திருட்டுப் போனால் 2,500. நகைக்கும் வெள்ளிக்கும் இந்த வரம்பு திருட்டுக்கு மட்டும்தான். தீ விபத்தில் போனால் மொத்தத் தொகையிலிருந்து கேட்கலாம். பட்டுப்புடவைகள் துணிக் கணக்கில் வருவதால் இந்தச் சிக்கல் இல்லை.

நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று திருடர்களுக்கும் தெரியும். ஆசியக் குடும்பங்களின் வீடுகளைக் குறிவைத்துப் பல மாநிலங்களில் கொள்ளையடித்த ஒரு கும்பலின் தலைவிக்கு 2019-இல் மிச்சிகன் ஃபெடரல் நீதிமன்றம் 37 ஆண்டு சிறை விதித்தது. அதனால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

என்ன செய்யலாம்? ஏஜென்டிடம் நகைகளை 'ஷெட்யூல்' செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு நகையையும் மதிப்போடு பாலிசியில் தனியாகச் சேர்ப்பார்கள், கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். பெரும்பாலும் டிடக்டிபிள் (இழப்பில் முதலில் நம் கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகை) இருக்காது. மோதிரம் எங்கோ கழன்று விழுந்து காணாமல் போனாலும் கிடைக்கும். சாதாரண பாலிசியில் தொலைந்த பொருளுக்கு ஒன்றும் கிடையாது. அப்ரைசல் (நகை மதிப்பீட்டுச் சான்று) எடுக்கும்போது ஒவ்வொரு நகைக்கும் கிராம் எடை, 22 காரட் என்ற தரம், 916 முத்திரை, கல்லின் விவரம், படம் எல்லாம் இருக்கட்டும். இங்கே 14 காரட்தான் அதிகம் புழங்குகிறது, எனவே தரம் கட்டாயம் எழுத்தில் இருக்க வேண்டும். ஊரில் கடையில் கொடுத்த பில்லையும் பத்திரப்படுத்துங்கள். தங்கம் ஏறிக்கொண்டே போவதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மதிப்பைப் புதுப்பிப்பது நல்லது.

"பேங்க் லாக்கரில் வைத்துவிட்டேன், கவலை இல்லை" என்பவர்களுக்கு: வங்கி டெபாசிட்டுக்கு அரசு அமைப்பான எஃப்.டி.ஐ.சி. தரும் காப்பீடு லாக்கரில் உள்ள பொருளுக்குக் கிடையாது. ஆனால் ஷெட்யூல் செய்த நகை லாக்கரில் இருந்தால் சில கம்பெனிகள் பிரீமியத்தைக் குறைப்பார்கள், கேளுங்கள்.

மற்ற சாமான்களுக்கு 'ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்' (அதே போன்ற புதுப் பொருள் வாங்க ஆகும் விலை) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஐந்து வருட டிவிக்குத் தேய்மானம் கழித்துச் சொற்பம்தான் தருவார்கள். வெள்ளமும் நிலநடுக்கமும் இந்தப் பாலிசியில் அடங்காது. அரசின் வெள்ளக் காப்பீட்டில் வீட்டுச் சாமானுக்கு அதிகபட்சம் 1 லட்சம் டாலர், பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். புயல் செய்தி வந்த பிறகு எடுத்துப் பயனில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸில் இதே கதைதான். ரூம்மேட்டின் சாமான் உங்கள் பாலிசியில் வராது.

இந்த வார இறுதியிலேயே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். அலமாரியைத் திறந்து, கிரைண்டர், லேப்டாப் சீரியல் நம்பர் வரை காட்டி, கிளவுடில் ஏற்றுங்கள். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவின் சாமானை உங்கள் பாலிசியில் சேர்த்துக்கொள்ள முடியுமா, நகை வரம்பு எவ்வளவு என்ற இரண்டையும் ஏஜென்டிடம் மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தாகவே வாங்கி வையுங்கள்.