பிஆர்ஐ லைனை விட்டுவிட்டு எஸ்ஐபி டிரங்குக்குப் (இணையவழி டெலிபோன் லைன்) போகலாமா? (கோவை, சென்னை, சிங்கப்பூர், துபாய்)

பம்ப்செட்_ஆபீஸ்:

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் நிறுவனம் எங்களுடையது. நான் கணக்குப் பிரிவு, ஆனால் போன், ஏசி, தண்ணீர் கேன் எல்லாம் என் தலையில்தான். 60 எக்ஸ்டென்ஷன் உள்ள பழைய இபிஏபிஎக்ஸ் (ஆபீஸ் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி), அதற்கு 30 சேனல் கொண்ட ஒரு பிஆர்ஐ லைன், அதாவது ஒரே நேரத்தில் 30 வெளிக் கால் போகும் டிஜிட்டல் லைன். சென்னையில் விற்பனை அலுவலகம், சிங்கப்பூரில் மூன்று பேர் உட்காரும் சின்ன ஆபீஸ், துபாயில் ஒரு ஏஜென்ட்.

போன மாதம் அந்தப் பெட்டியில் ஒரு கார்டு போய்விட்டது, உதிரி எங்கேயும் கிடைக்கவில்லை. பார்க்க வந்த விற்பனையாளர், "ஐபி பிபிஎக்ஸ் (இணையவழியில் ஓடும் எக்ஸ்சேஞ்ச்) போட்டு நான்கு ஊரையும் ஒரே இன்டர்காம் ஆக்கிவிடலாம் சார், எஸ்டிடியும் கிடையாது, ஐஎஸ்டியும் கிடையாது, சிங்கப்பூர் ஆட்கள் கோவை லைன் வழியாகவே இந்தியாவில் யாரை வேண்டுமானாலும் லோக்கல் காலில் பிடிக்கலாம்" என்கிறார். முதலாளியோ, இன்டர்நெட் வழியாகப் பேசுவதே சட்டப்படி தப்பு, அந்தக் காலத்திலேயே விசாரித்துவிட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறார். யார் சொல்வதை நம்புவது? போட்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

டிரங்க்கால்_தாத்தா:

தம்பி, இரண்டு பேர் சொல்வதும் பாதி பாதி சரி. நான் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்தியாவில் இன்டர்நெட் டெலிபோனியை அனுமதித்தது 2002 ஏப்ரல் 1 அன்று. அதுவும் அரைக் கதவுதான் திறந்தது: கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம், கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம், ஆனால் உள்நாட்டு டெலிபோன் வலைக்குள் அந்தக் கால் நுழையக் கூடாது. உங்கள் முதலாளி விசாரித்தது இந்தக் காலத்தில்தான் இருக்கும். அப்புறம் 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை செய்து, 2018இல் தொலைத்தொடர்புத் துறை உரிமத்திலேயே திருத்தம் கொண்டுவந்தது. உரிமம் உள்ள டெலிகாம் நிறுவனம் கொடுத்தால், நீங்கள் யாருடைய இன்டர்நெட்டில் இருந்தாலும் அந்த எண்ணில் பேசலாம் என்று ஆயிற்று. பிஎஸ்என்எல் அதே வருடம் 'விங்ஸ்' என்று ஒரு ஆப் கூட விட்டது.

ஆக, உரிமம் உள்ள நிறுவனத்திடம் எஸ்ஐபி டிரங்க் வாங்கி, உங்கள் கோவை எண்ணில் பேசுவது தப்பே இல்லை. கோவை எக்ஸ்டென்ஷனும் சிங்கப்பூர் எக்ஸ்டென்ஷனும் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் பிரச்சினை இல்லை. விற்பனையாளரின் கடைசி வரி இருக்கிறதே, சிங்கப்பூர்க் காலைக் கோவையில் இறக்கி லோக்கல் காலாக வெளியே விடுவது, அதுதான் வம்பு. நாங்கள் டோல் பைபாஸ் (கட்டணத்தைச் சுற்றிக்கொண்டு போவது) என்போம். சிம் பாக்ஸ் (பல சிம் கார்டு செருகிய பெட்டி) வைத்துக் கள்ள எக்ஸ்சேஞ்ச் நடத்துகிறவர்களைப் போலீஸ் பிடிப்பதும் ஏறத்தாழ இதே வேலைக்குத்தான்; அவர்கள் வியாபாரமாகச் செய்கிறார்கள், நீங்கள் தெரியாமல் செய்வீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒரு விதிக்காகவே சிஸ்கோ தன் கால் மேனேஜர் என்ற ஐபி பிபிஎக்ஸ் மென்பொருளில் லாஜிக்கல் பார்ட்டிஷனிங் என்று ஒரு வசதியைச் சேர்த்தது. எந்தக் கால் ஐபியில் வந்தது, எது டெலிபோன் வலையில் வந்தது என்று பார்த்து இரண்டையும் கலக்காமல் தடுக்கும்.

2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் விதி தளர்ந்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது கால் சென்டர், பிபிஓ ஆட்களுக்கு வந்த தளர்வு. பம்ப் கம்பெனி அதைத் தன் மேல் போர்த்திக்கொள்ள வேண்டாம். டிரங்க் கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேபிள்_கை:

தாத்தா சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் வயரைச் சொல்கிறேன். எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை எம்பிபிஎஸ் வேண்டும்" என்றுதான். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஒரு காலுக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 87 கிலோபிட், 30 பேரும் ஒரே நேரத்தில் பேசினால்கூட 2.6 மெகாபிட்தான். வேகம் எங்கேயும் பிரச்சினை ஆகாது. குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து வரும் பாக்கெட்டுகள் ஒரே சீராக வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

நான் போட்டுக் கொடுத்த ஒரு பனியன் கம்பெனியில் தினமும் சாயங்காலம் ஆறு மணி ஆனால் பேச்சு வெட்டி வெட்டி வரும், ஏழு மணிக்குத் தானாகச் சரியாகிவிடும். இரண்டு நாள் ஸ்விட்ச், போன், கேபிள் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் ஆறு மணிக்கு அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் அன்றைய டேட்டாவை கிளவுடுக்கு பேக்கப் எடுக்கிறது, அப்லோடு முழுவதையும் அது விழுங்கிவிடுகிறது, குரல் பாக்கெட் வரிசையில் பின்னால் நிற்கிறது. போன்களைத் தனி விலானில் (அதே கேபிளில் பிரித்து வைத்த தனி வலை) போட்டு, ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்ததும் தீர்ந்தது. வாடிக்கையாளர் மட்டும் இன்னமும் என் போன் மட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது, நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. இது வந்தால் போனைத் தட்டாதீர்கள், ரூட்டரில் எஸ்ஐபி பாக்கெட்டுகளைத் திருத்தும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒன்று ஆன் ஆகி இருக்கும், முதலில் அதை ஆஃப் செய்யுங்கள், பாதி இடங்களில் அதோடு சரியாகிவிடும்.

அப்புறம் கடவுச்சொல். எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101 என்று வைத்துவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். எஸ்ஐபி கால்கள் வந்துபோகும் வாசலான 5060 போர்ட்டை உலகம் முழுக்க ராப்பகலாகத் தேடிக்கொண்டே இருக்கிறது ஒரு கூட்டம். சனிக்கிழமை இரவு உள்ளே நுழைந்தால் திங்கட்கிழமை காலை வரை யாரும் பார்க்கப்போவதில்லை, அதற்குள் எங்கோ ஒரு நாட்டின் பிரீமியம் எண்ணுக்கு (கூடுதல் கட்டண எண்) மணிக்கணக்கில் கால் போயிருக்கும். ஐஎஸ்டியைத் தேவைப்படும் இரண்டு எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் திறந்து வையுங்கள், அதற்கும் ஒரு தினசரி உச்சவரம்பு வைக்கச் சொல்லுங்கள்.

சிராங்கூன்_சித்தப்பா:

சிங்கப்பூர் பக்கம் ரொம்ப எளிது. இங்கே 6இல் தொடங்குவது தரைவழி எண், 3இல் தொடங்குவது 2005 வாக்கில் இணையவழிப் போனுக்கென்று ஒதுக்கிய எண். இரண்டிலுமே கிளவுட் பிபிஎக்ஸ் போட்டுத் தருகிறார்கள். என் அனுபவத்தில் பழைய வாடிக்கையாளர்கள் 3ஐப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார்கள், 6 கிடைத்தால் 6ஐயே வாங்குங்கள். இந்த எண் மரியாதை ஆசியா முழுக்க உண்டு. கொரியாவில் 070 என்று வந்தால் விளம்பரக் கால் என்று எடுக்கவே மாட்டார்கள். ஜப்பானில் ஐபி போனுக்கு 050, அதில் பல சேவைகளில் 110, 119 அவசர எண்களே போகாது. அதே ஜப்பானில் என்டிடி தன் பழைய தரைவழி வலையின் உட்பகுதியை 2024 ஜனவரி தொடங்கி 2025 ஜனவரிக்குள் ஐபிக்கு மாற்றிவிட்டது. வீட்டில் இருக்கிற பாட்டிக்குத் தன் போன் மாறியதே தெரியாது.

துபாய்தான் கவனிக்க வேண்டியது. அங்கே உரிமம் உள்ள இரண்டு டெலிகாம் நிறுவனங்கள் வழியாகத்தான் இணையவழிக் குரல் சேவை. சவுதி 2017 செப்டம்பரில் தடையை எடுத்தது, அமீரகம் அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை, வாட்ஸ்அப் கால்கூடச் சரிப்படாது. விபிஎன் போட்டால் ஆகும் என்று யாராவது யோசனை சொல்வார்கள், உங்கள் ஏஜென்ட்டை அதில் மாட்டிவிடாதீர்கள். அங்கே அனுமதி உள்ள மீட்டிங் ஆப்கள் இருக்கின்றன, அது போதும் அவருக்கு.

சும்மா_வந்தேன்:

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லார் கையிலும் அன்லிமிடெட் பிளான் போட்ட செல்போன் இருக்கும்போது இவ்வளவு எதற்கு? எஸ்டிடி மிச்சம் என்பது 2005 கதை.

பம்ப்செட்_ஆபீஸ்:

@சும்மா_வந்தேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போன வருடம் எங்கள் சென்னை விற்பனையாள் வேலையை விட்டுப் போனார், கூடவே நாற்பது டீலர்களும் போனார்கள். அத்தனை பேரும் பேசிக்கொண்டிருந்தது அவருடைய சொந்த எண்ணில். இப்போதும் அவருக்கே ஆர்டர் சொல்கிறார்கள், அவர் இருப்பது வேறு கம்பெனி. எண் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும், ஆள் வெளியே இருந்தாலும் செல்போன் ஆப்பில் அதே எண் அடிக்க வேண்டும். மிச்சம் என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

தாத்தா ஐயா, நீங்கள் எழுதியதைப் பிரிண்ட் எடுத்து முதலாளி மேசையில் வைத்தேன். 2002இல் அனுமதி வந்த விஷயத்தையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றார். லோக்கலாக இறக்குவது வேண்டாம், மற்றதற்கு விலைப்பட்டியல் வாங்கு என்று சொல்லிவிட்டார்.

கேபிள்_கை:

நல்லது. கையெழுத்துப் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஃபேக்டரி முழுக்க நடந்து போய், பழைய பெட்டியில் என்னென்ன தொங்குகிறது என்று எழுதுங்கள். ஃபயர் அலாரம் டயலர், வாசல் செக்யூரிட்டி போன், இதெல்லாம் யார் நினைவிலும் இருக்காது. பழைய போனுக்கு 48 வோல்ட் பெட்டியிலிருந்தே வயரில் வரும், ஐபி போனுக்கு ஸ்விட்ச் கரண்ட் கொடுக்க வேண்டும். அந்த ஸ்விட்சுக்கு யுபிஎஸ் இல்லையென்றால் கரண்ட் போனதும் எல்லாம் ஊமை.

பம்ப்செட்_ஆபீஸ்:

இன்று நடந்து பார்த்தேன் அண்ணா. நான் எண்ணி வைத்திருந்தது 60, தொங்குவது 64. அதில் ஒன்று எடைமேடையில், மெயின் பில்டிங்கிலிருந்து 250 மீட்டர் தள்ளி. லாரி டிரைவர்கள் தினமும் அதில்தான் பேசுகிறார்கள்.

கேபிள்_கை:

ஈதர்நெட் கேபிள் 100 மீட்டருக்கு மேல் தாங்காது. அந்தப் பழைய இரட்டை வயரைப் பிடுங்கச் சொல்லாதீர்கள், அதன் மெயின் பில்டிங் முனையில் ஒரு எஃப்எக்ஸ்எஸ் கேட்வே (பழைய போனை ஐபி வலையோடு இணைக்கும் பெட்டி) வைத்தால் அதே கறுப்பு போன் அங்கேயே ஓடும். கொட்டேஷனில் அது இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.