பாஸ்போர்ட்டிங் என்பதற்குக் ‘கடவுரிமை’

மதிப்பிற்குரிய நண்பர்களே, வணக்கம்.

வணிகக் கூட்டமைப்பிலிருந்து ஒரு நாடு விலகுவது தொடர்பான சொற்களில், நிதித்துறையின் ‘பாஸ்போர்ட்டிங்’ என்பதைக் ‘கடவுச்சீட்டு முறை’ எனலாம் என்று முந்தைய மடலில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. அதைப் படிப்பவர் பயணிகளையும் குடிவரவுச் சோதனையையுமே நினைப்பார். நான் முன்வைக்கும் சொல் ‘கடவுரிமை’.

ஒற்றைச் சந்தையாக இயங்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பைச் சேர்ந்த ஒரு நாட்டில் உரிமம் பெற்ற வங்கி, தன் நாட்டு ஒழுங்காற்று அமைப்பின் வழியாக அறிவிப்பு அனுப்பிவிட்டு, அதே உரிமத்தைக் கொண்டு அப்பரப்பின் பிற நாடுகளிலும் தொழில் செய்யலாம். பிரிட்டன் இம்முறைக்குள் இருந்தபோது, லண்டன் வங்கி ஒன்று ஜெர்மானிய ஆலைக்குக் கடன் கொடுக்க, பிராங்பர்ட்டில் ஒரு கிளை இருந்தால் போதும். கிளை இல்லாமலும் கொடுக்க முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டனுக்குப் பழைய விதிகளே தொடர்ந்த இடைமாற்றக் காலம் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தபோது இந்த உரிமை அற்றுப்போயிற்று. இதை எதிர்பார்த்தே பல வங்கிகள் ஒன்றியத்துக்குள் துணை நிறுவனம் தொடங்கி, தனி உரிமம் பெற்று, தனி மூலதனம் ஒதுக்கி, இயக்குநர்களையும் இடர் மேலாண்மை அலுவலர்களையும் அங்கேயே அமர்த்தின. ஒரே தொழிலுக்கு இரண்டு இடங்களில் மூலதனம் முடங்குவதுதான் இங்கே விலகலின் விலை. சுங்கவரிக் கணக்கில் மட்டும் தேடுவோர்க்கு அது அகப்படாது. 2020 டிசம்பர் 24 அன்று பிரிட்டனும் ஒன்றியமும் எட்டிய வணிக உடன்பாடு, தோற்ற விதிகளை (சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் விதிகளை) நிறைவு செய்யும் சரக்குகளுக்குச் சுங்கவரி இல்லை என்றது. நிதிச் சேவைகளையோ ஏறத்தாழ முழுவதுமாக வெளியே விட்டுவிட்டது. அடுத்த மாதமே பங்கு வணிகத்தில் ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்தியது: நாளொன்றுக்குச் சராசரியாக அங்கே சுமார் 920 கோடி யூரோ, லண்டனில் சுமார் 860 கோடி.

‘உரிமை’ என்னும் பகுதியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், இதன் இணைச்சொல்லான ‘ஈக்விவலன்ஸ்’. இதற்குச் ‘சமநிலை’, ‘சமத்துவம்’ என்று வந்துள்ள மொழிபெயர்ப்புகள் இரு தரப்பும் ஒத்த நிலையில் நிற்பதாகக் காட்டுகின்றன. உண்மையில் இது, வெளிநாடு ஒன்றின் விதிகள் தன் விதிகளுக்கு நிகரானவை என்று ஐரோப்பிய ஆணையம் தானாக எடுக்கும் முடிவு; அதைக் காலவரையறையோடு தரலாம், திரும்பவும் பெறலாம். சுவிட்சர்லாந்தின் பங்குச் சந்தைகளுக்குத் தந்திருந்த ஏற்பை 2019 ஜூன் இறுதியில் ஆணையம் நீட்டிக்காமல் விட்டது. அரசியல் உடன்பாடு ஒன்றில் பேச்சு தடைப்பட்டிருந்த நேரம் அது. பிரிட்டனின் தீர்வகங்களுக்கான (நிதிச் சந்தை ஒப்பந்தங்களில் இரு தரப்புக்கும் நடுவே நின்று கணக்குத் தீர்க்கும் நிறுவனங்களுக்கான) ஏற்பும் தவணை தவணையாகவே நீட்டிக்கப்பட்டு, இப்போது 2028 ஜூன் வரை நிற்கிறது. எனவே ‘நிகர்மை ஏற்பு’ என்பதே பொருந்தும். உறுப்பினராக இருந்தபோது உரிமையாக இருந்தது, விலகிய பின் ஏற்பவரின் விருப்பத்தைச் சார்ந்ததாகிவிட்டது. பொருளியல் விளைவின் சாரமே இந்த மாற்றம்தான் என்பதால், இரு சொற்களும் அதை மறைக்கக் கூடாது.

‘கடவு உரிமை’ எனப் பிரித்தே எழுத வேண்டுமா என்ற ஐயம் எழலாம். ‘வரவறிந்து’ என்று நாம் இயல்பாகச் சேர்த்துச் சொல்கிறோம். அவ்வாறே ‘கடவுரிமை’ எனச் சேர்ப்பதிலும் தடையில்லை. வேறு துறைகளோடு குழப்பம் வரும் இடங்களில் ‘நிதிக் கடவுரிமை’ என விரித்துக்கொள்ளலாம். ஆனால் ‘ஒன்றியக் கடவுரிமை’ என்று முன்னொட்டுச் சேர்ப்பது பிழையாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் பொருளாதாரப் பரப்பின் உறுப்பினராக இருப்பதால் இவ்வுரிமையைப் பெற்றிருக்கின்றன.

சொற்பட்டியலில் சேர்க்க இந்த விளக்கத்தைப் பரிந்துரைக்கிறேன்: ‘கடவுரிமை: ஒற்றைச் சந்தையின் ஒரு நாட்டில் பெற்ற உரிமத்தைக் கொண்டு, தனி உரிமமின்றி, அச்சந்தையின் பிற நாடுகளிலும் நிதிச் சேவை வழங்கும் உரிமை, உறுப்பினர் நிலை நீங்கினால் நீங்கும்.’ இறுதித் தொடரை நீக்காமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.