இன்ஜின் ஒருத்தர், பேனல் ஒருத்தர்: ஆட்டம் கண்டால் யார் பொறுப்பு?

கணபதி பேனல்காரன்:
நமக்குக் கோவை கணபதியில் பேனல் ஒர்க்ஷாப். சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு, இரண்டு டீசல் ஜெனரேட்டரைச் சேர்த்து ஓட்டும் பேனல் செய்து கொடுத்தேன். தனித்தனியாக ஓடினால் ஒரு குறையும் இல்லை. சேர்த்துவிட்டால் ஒன்று உறுமும், மற்றது அடங்கும். அப்புறம் அது உறுமும், இது அடங்கும். லைட்டெல்லாம் மூச்சு வாங்கும். இன்ஜின் கொடுத்தவரைக் கேட்டால், "உங்க பேனல்தானுங்க தப்பு" என்கிறார். இரண்டு பேருக்குமே பாக்கி நிற்கிறது.

எடிசனுக்கும் இதே தலைவலி வந்தது என்று ஐ.டி.ஐ. வாத்தியார் சொன்ன ஞாபகம். அவர் இன்ஜின்காரரோடு எப்படித் தீர்த்துக்கொண்டார்?

பல்லடம் பெரியவர்:
அதே கதைதான் தம்பி. நான் மில் இன்ஜின் ரூமில் இருந்தவன். பைக்காரா கரன்ட் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பழைய ஸ்டீம் இன்ஜினின் ஃப்ளைவீல் எங்கள் மில் மூலையில் கிடந்தது. மத்தியானம் தூக்குப்போசியை அதன் ஆரத்தில்தான் மாட்டுவோம்.

அந்தக் காலத்து டைனமோவை பெல்ட் போட்டு ஓட்டினார்கள். பெல்ட் நழுவும், இடத்தையும் அடைக்கும். நியூயார்க் மனை விலைக்குக் கட்டுமா? இன்ஜினையும் டைனமோவையும் நேராகப் பூட்ட நினைத்த எடிசன், இன்ஜின் செய்யும் சார்லஸ் போர்ட்டரிடம் 150 குதிரைத்திறனில், நிமிஷத்துக்கு 700 சுற்று ஓடும் இன்ஜின் கேட்டார். ஆடி அசைந்து ஓடும் இன்ஜின்களின் காலம் அது. போர்ட்டரும் செய்து கொடுத்தார். ஓட்டிப் பார்க்கப் பயந்து, நீராவியைத் திறந்து மூடும் த்ராட்டில் வால்வில் சங்கிலி கட்டி, ஜன்னல் வழியே விறகுக் கொட்டகைக்கு இழுத்து, அங்கே நின்று திறந்தார்களாம்! பட்டறை நின்ற குன்றே குலுங்கியதாம். நியூயார்க்கில் எடிசன் கட்டிய பேர்ல் தெரு மின் நிலையத்துக்குக் கடைசியில் 350 சுற்றோடு நின்றார்கள்.

1882 ஜூலையில் அங்கே இரண்டைச் சேர்த்ததும் உன் சோமனூர்க் கூத்துதான். ஒன்று நிற்கப் பார்க்க, மற்றது தலைதெறிக்க ஓடியது. ஆட்கள் வெளியே ஓட, எடிசன் ஒரு த்ராட்டிலையும் அவருடைய கூட்டாளி ஜான்சன் இன்னொன்றையும் பாய்ந்து மூடினார்கள். பிறகு எடிசனே, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இரண்டையும் ஒரு ஷாஃப்டால் பிணைத்தார். ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டது. குழாய்க்குள் ஷாஃப்டை விட்டு, இரண்டையும் எதிரெதிராக முறுக்கி ஆணி போட்டு இறுக்கினார், ஆட்டம் நின்றது. ஆனாலும் அடுத்த இன்ஜின்களைப் பிராவிடன்ஸ் ஊரின் ஆர்மிங்டன் அண்டு சிம்ஸிடம் வாங்கினார். செப்டம்பர் 4 விளக்கேற்றியபோது ஓடியது ஒரே ஒரு ஜம்போ, அதாவது இன்ஜினோடு நேராகப் பூட்டிய அந்தப் பெரிய டைனமோ. ஒன்றை மட்டும் ஓட்ட உன் தறிக்காரர் ஒத்துக்கொள்வாரா?

பீளமேடு டீச்சர்:
அண்ணா, தப்பு யாருடையது என்பதைவிட, ஆர்டர் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இன்ஜினியர் சார்லஸ் பார்சன்ஸ் 1884இல், நீராவியால் சுழலும் ஸ்டீம் டர்பைனுக்குக் காப்புரிமை எடுத்தபோது கிளார்க் சாப்மன் கம்பெனியில் இளைய பங்குதாரர். 1889இல் பிரிந்து வந்தார். காப்புரிமை கம்பெனியோடு தங்கிவிட்டது. தன் டர்பைனைத் தானே செய்ய முடியாமல், நீராவியை வேறு திசையில் விட்டு வேறு மாதிரி ஒன்று செய்தார். உரிமை திரும்ப வந்தது 1894இல். அஞ்சு வருஷம்! உங்கள் ஆர்டரில் "சேர்த்து ஓடும்" என்பதற்கு யார் கையெழுத்து?

கணபதி பேனல்காரன்:
யாரும் இல்லைங்க. இன்ஜின் ஒரு கொட்டேஷன், பேனல் ஒரு கொட்டேஷன். நடுவில் இருக்கிற கப்ளிங்கையே யாரும் எழுதவில்லை, இப்போதுதான் பார்க்கிறேன்.

சூலூர் சர்வீஸ்:
கதை எல்லாம் சரி. இரண்டு கவர்னரையும் லோடு ஏறினாலும் வேகம் குறையாத மாதிரி வைத்திருப்பீர்கள். அப்படி இருந்தால் ஒன்றை ஒன்று துரத்தும். இரண்டுக்கும் ஒரே அளவு, 4 சதவீதம் டிரூப், அதாவது லோடு ஏற ஏற வேகம் கொஞ்சம் இறங்கும்படி, கொடுங்கள்: காலியாக நிமிஷத்துக்கு 1560 சுற்று, முழு லோடில் 1500. இன்ஜின்காரரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கணபதி பேனல்காரன்:
ஞாயிறு தறி நிற்கும். அன்றைக்கு அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். டீச்சர் கேட்டதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போகிறேன். பெரியவரே, சங்கிலி வேண்டாமுங்க, பக்கத்தில் விறகுக் கொட்டகை இல்லை.