கஷ்டத்தில கிட்ட இருந்த ஆண்டவர் இப்ப தூரமாயிட்ட மாதிரி இருக்கு, வேற யாருக்கும் இப்பிடி இருக்கா?

கொட்டாஞ்சேனை_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். 2022ல நாட்டில பொருளாதார நெருக்கடி வந்த நேரம் இவருக்கு வேலை போச்சு. சின்னவனுக்கு அப்ப அடிக்கடி முட்டு இழுக்கும். மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணினாங்களே, அந்த நேரம் நெபுலைசர் போட வழியில்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக த்ரீவீலுக்கும் பெட்ரோல் இல்ல. இருட்டுக்குள்ள அவனை நிமித்தி மடியில வச்சுக்கொண்டு "ஆண்டவரே அடுத்த மூச்சு, அடுத்த மூச்சு" எண்டு மட்டும் கேட்டுக்கொண்டிருப்பன், வேற ஜெபம் ஒண்டும் வாயில வராது. விடியக்குள்ள அவன் நித்திரை, என்ர சட்டையெல்லாம் அவன்ர வேர்வை. அந்த நேரம் ஆண்டவர் பக்கத்தில இருந்தவர், அதை நான் ஆருக்கும் நிரூபிக்கத் தேவையில்ல.
இப்ப இவருக்கு நல்ல வேலை. சின்னவன் ஸ்கூல்ல கிரிக்கெட் விளையாடுறான். நான் முழங்கால்ல நிண்டா அஞ்சு நிமிசத்தில நாளைக்கு லஞ்ச் பொக்ஸுக்கு என்ன எண்டு மனசு ஓடுது. அப்ப எனக்கு இருந்தது விசுவாசமா, வெறும் பயமா? திரும்பக் கிட்டப் போகணும் எண்டா திரும்பக் கஷ்டம் வரணுமா? இதைக் கேக்கவே நடுங்குது.

செவ்வாய்_நவநாள்:
அக்கா நான் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கத்தோலிக்கக் கோயிலுக்கு ஒவ்வொரு செவ்வாயும் நவநாள் ஜெபத்துக்குப் போற ஆள். அங்க வாறவங்க முக்கால்வாசிப் பேர் தேவைக்குத்தான் வாறாங்க, இந்து ஆக்களும் பௌத்த ஆக்களும் கூட, பிள்ளைக்கு வருத்தம், விசா, கடன்னு. சின்ன வயசுல எனக்கு அது ஒரு மாதிரி இருக்கும், சும்மா கேக்க மட்டும் வாறாங்களேன்னு. பிறகுதான் சுவிசேஷத்தை ஒழுங்கா வாசிச்சேன். பன்னிரண்டு வருஷம் இரத்தப்போக்கோட இருந்தவ, இருந்த காசெல்லாம் வைத்தியருக்குக் குடுத்து முடிஞ்ச பிறகுதான் வந்து வஸ்திரத்தைத் தொட்டா. இவ்வளவு நாள் எங்க போனேன்னு இயேசு கேக்கல்லையே, மகளேன்னு தானே கூப்பிட்டார். பயத்துல ஓடி வந்தா அது விசுவாசம் இல்லன்னு யார் சொன்னது? பத்து குஷ்டரோகி சுகமானதுல ஒருத்தன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். நீங்க இந்தக் கேள்வியைக் கேக்கிறதே திரும்பி வாறது தான்.

வெள்ளவத்தை_73:
நான் கொஞ்சம் வேற மாதிரிச் சொல்றன், கோவிக்க வேணாம். கஷ்டம் விசுவாசத்தை ஆழமாக்கும் எண்டு சும்மா சொல்லக் கூடாது, உடைக்கவும் செய்யும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில எங்கட சொந்தத்தில ஒரு அக்கா தன்ர மகளை இழந்தவ. செத்தவீட்டிலயே "ஆண்டவர் சோதிக்கிறார், பலப்படுவீங்க" எண்டு வரிசையா வந்து சொன்னாங்க, அதுக்குப் பிறகு அவ கோயில் பக்கமே போகல்ல. பக்கத்து வீட்டு மனிசி மட்டும் பின்னேரத்தில பாணும் பருப்புக்கறியும் கொண்டு வந்து வச்சிட்டு ஒண்டும் கதைக்காம ஒரு மணித்தியாலம் இருந்திட்டுப் போவா, மாசக்கணக்கா. இப்ப அந்த மனிசியோட மட்டும் ஜெபம் பண்ணுறா. 88ம் சங்கீதத்தை வாசிச்சுப் பாருங்க, கடைசி வரைக்கும் ஒரு ஆறுதல் வரி வராது, தெரிஞ்ச ஆக்கள் எல்லாம் இல்லாமப் போயிட்டாங்க எண்டே முடியும். அதுவும் வேதத்துக்குள்ள ஜெபமாத்தான் கிடக்கு. கஷ்டம் திரும்ப வரட்டும் எண்டு மட்டும் கேட்டுப் போடாதீங்க தங்கச்சி.

வத்தளை_தாத்தா:
மகள், வனாந்தரத்தில இஸ்ரவேலருக்கு வானத்தில இருந்து கிடைச்ச சாப்பாடு, அந்த மன்னாவை யோசிச்சுப் பாருங்க. அண்டண்டைக்கு மட்டும்தான் பொறுக்கலாம், மிச்சம் பிடிச்சா விடிய புழு. நாப்பது வருஷம் அப்பிடி. ஆனா உபாகமம் 8ல மோசே பயந்தது வனாந்தரத்தை நினைச்சு இல்ல, சாப்பிட்டு நிறைஞ்சு நல்ல வீடு கட்டிக் குடியிருக்கக்குள்ள மறந்திடுவீங்களோ எண்டுதான். பவுலும் ஆசியாவில உயிர் தப்புவம் எண்ட நம்பிக்கையே விட்டுப்போச்சு, எங்களையே நம்பாம இருக்கத்தான் அப்பிடி நடந்தது எண்டு 2 கொரிந்தியர் 1ல எழுதுறார். அப்ப உங்களுக்கு இருட்டில தெரிஞ்சது, பிள்ளையின்ர மூச்சு உங்கட கையில இல்ல எண்டது. இப்பவும் அது உங்கட கையில இல்லத்தானே, வெளிச்சம் வந்ததால கண்ணுக்குத் தெரியல்ல. பழைய அழுகையைத் தேட வேணாம். ராவில அவன் படுத்த பிறகு பக்கத்தில நிண்டு பத்து மூச்சு எண்ணுங்க, ஒவ்வொண்டுக்கும் நன்றி சொல்லுங்க. நான் மனிசிக்கு ஒப்பரேசன் நடந்த நாளில இருந்து அப்பிடித்தான், 11 வருஷமாச்சு.

கொட்டாஞ்சேனை_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. அந்த அக்காவுக்காக இண்டைக்கு ஜெபிச்சன், ஒண்டும் சொல்லாமத்தான். ராத்திரி தாத்தா சொன்ன மாதிரி போய் நிண்டன். ஏழாவது மூச்சில அவன் முழிச்சு தண்ணி கேட்டான், குடுத்திட்டு திரும்ப ஒண்டில இருந்து எண்ணினன்.
நவநாள் அக்கா, நாங்க மெதடிஸ்ட் சபை, கத்தோலிக்கர் இல்ல, நான் செவ்வாய் உங்களோட வரலாமா?

செவ்வாய்_நவநாள்:
ஐயோ இதெல்லாம் கேக்கணுமா அக்கா, வாங்க. சின்னவனையும் கூட்டிட்டு வாங்க.