மரம் வெட்டுற வேலைக்கு பழைய பிக்கப் எடுக்கலாமா, மெஷினும் கோணலா அறுக்குது, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

உச்சிப்புளி மரவேலை:
எல்லாருக்கும் வணக்கம். நானும் எங்க மாமாவும் உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் மர வேலை பாக்குறோம். தென்னைல மட்டை கழிக்கிறது, வீட்டு ஓட்டு மேல சாஞ்சு நிக்கிற மரத்த துண்டு துண்டா இறக்குறது, சவுக்கு, உடை, சீமைக்கருவேலம் எதுக்கு கூப்பிட்டாலும் போவோம். இதுவரைக்கும் வாடகைக்கு ஒரு சின்ன யானை, அதான் டாடா ஏஸ். ஆனா புரட்டாசி பொறந்துட்டா மழைக்கு முன்னாடி முடிச்சுக் குடுங்கன்னு எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிடுறாங்க, அந்த நேரம் பாத்து வாடகை வண்டி சிக்க மாட்டேங்குது, சிக்குனாலும் கருவேலம்னு சொன்னா டயர்ல முள்ளு ஏறும்னு டிரைவர் வர மாட்டேங்குறார். அதான் சொந்தமா ஒண்ணு எடுத்துரலாம்னு இருக்கோம். கையில ரெண்டு லட்சம் இருக்கு, மிச்சம் ஃபைனான்ஸ்.

பாத்து வச்சிருக்கது மூணு. ஒண்ணு பழைய பொலிரோ பிக்கப் 1.7 டன், மீன் லோடு ஓடுன வண்டி, எஞ்சின் சத்தம் அருமையா இருக்கு, எஃப்சி (வண்டி ஓட்ட தகுதின்னு ஆர்டிஓ குடுக்குற சான்று) இப்பதான் காட்டியிருக்காங்க, அடியில புதுசா கருப்பு பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருக்கு. ரெண்டாவது அசோக் லேலண்ட் தோஸ்த், பரமக்குடில சிமெண்ட் கடைக்கு ஓடுனது, பாடி பூரா அடிபட்டு நசுங்கி கிடக்கு, பாக்க நல்லா இல்ல. மூணாவது புது டாடா ஏஸ். எத எடுக்குறது?

இன்னொண்ணு, எங்ககிட்ட இருக்க ஸ்டில் 180 மரம் அறுக்குற செயின் மெஷின் ஒரு மாசமா கோணலா அறுக்குது. நேரா வச்சா வலது பக்கம் வளைஞ்சு போயி பார் (செயின் ஓடுற நீளத் தகடு) மாட்டிக்கிடுது, பார் சூடாகி புகை வேற வருது. தென்னை அறுக்கையிலதான் ரொம்ப. பெரிய மெஷினா மாத்தணுமா? சாஞ்ச மரத்த இழுக்க வண்டியில வின்ச் வைக்கலாம்னு மாமா சொல்றார், அதையும் சொல்லுங்கண்ணே.

தொண்டி டிரைவர்:
தம்பி, பொலிரோவ விட்டுறாத. நம்ம கடற்கரை மண்ணுக்கு அத அடிச்சுக்க வண்டி இல்ல, 2.5 லிட்டர் எஞ்சின், பின்னாடி பட்டை (ஸ்பிரிங்) கனமா இருக்கும், எந்த ஊர் பட்டறையிலயும் பாத்துக் குடுப்பாங்க, ஸ்பேர் கிடைக்கலைங்குற பேச்சே கிடையாது. தோஸ்த் 1.5 லிட்டர் மூணு சிலிண்டர்தான். அரியமான் பக்கம் மணல்ல லோடோட ஏறணும்னா பொலிரோதான்.

கீழக்கரை டிங்கர்:
தொண்டி அண்ணன் சொல்றது வண்டிய பத்தி சரிதான், ஆனா இந்த வண்டிக்கு பொருந்தாது. மீன் லோடுன்னு சொன்னதுமே எனக்கு பக்குனு இருக்கு. இருவது வருஷமா பட்டறை வச்சிருக்கேன், மீன் லோடு ஓடுன வண்டிங்க எத்தனையோ என்கிட்ட வந்திருக்கு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படி தம்பி.

ஐஸ் பெட்டி உருகி உப்புத்தண்ணி பாடி தகரத்துக்கு கீழ இறங்கும். அது ரோட்டுல கொட்டிட்டுப் போறது பாதிதான், மீதி சேஸ் மேலயே ஓடி, பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல கட்டை வச்சிருப்பாங்கல்ல அங்கயும், பின் பட்டைய சேஸோட மாட்டுற கிண்ணி இருக்க இடத்துலயும் தேங்கி நிக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. உள்பக்கம் இரும்பு வெங்காயத்தோல் மாதிரி அடுக்கடுக்கா உரிஞ்சு வரும். மீன் லோடுக்கு அது தாங்கிரும், ஏன்னா பெட்டி சமமா உக்காந்து வருது. நீ ஏத்தப்போறது மரக்கட்டை. ஒரு கட்டைய தூக்கி பாடியில போட்டா அந்த அடி நேரா அந்த செத்த இரும்புலதான் விழும். லோடோட போறப்ப பட்டை கிண்ணி பிச்சுக்கிட்டா வண்டி எந்தப் பக்கம் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது.

புதுசா அடிச்ச கருப்பு பெயிண்ட்டுக்குத்தான் முதல்ல சந்தேகப்படணும். போறப்ப ஒரு சின்ன சுத்தியலும் டார்ச்சும் எடுத்துட்டுப் போ. பின் சக்கரத்துக்கு பக்கத்துல சேஸ மெதுவா தட்டிக்கிட்டே வா, நல்ல இரும்பு டங்குனு கேக்கும், செத்த இரும்பு டொப்புனு அமுங்கி கேக்கும், பெயிண்ட்டோட பொருக்கு உதிரும். குறுக்குச் சட்டம், பட்டை கிண்ணி ரிவெட், பின்னாடி போற பிரேக் பைப், டீசல் டேங்க் பட்டி, இந்த நாலையும் விரல விட்டு தடவிப் பாரு. தட்ட விட மாட்டேன்னு ஓனர் சொன்னா அப்படியே திரும்பி வந்துரு. எஞ்சின ரிப்பேர் பண்ணிக்கலாம், சேஸுக்கு வெல்டிங் வச்சு ஓட்டுறது ஆபத்து, அதுவும் லோடு வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

தோஸ்த் பாடி நசுங்கினத பத்தி கவலப்படாத. எப்படியும் உன் கட்டைங்க விழுந்து நசுங்கத்தான் போகுது. கடல விட்டு தள்ளி இருக்க ஊர் வண்டி, உப்பு படல, அத நல்லா பாரு.

தொண்டி டிரைவர்:
கீழக்கரை பாய் சொல்றது நியாயம். மீன் வண்டின்னு நான் கவனிக்காம பேசிட்டேன். நல்ல சேஸ்ல பொலிரோ கிடைச்சா எடு, இல்லேன்னா தோஸ்த் போதும். ஆர்சில ஃபைனான்ஸ் ரத்து ஆகியிருக்கா, எஃப்சி தேதி, இன்சூரன்ஸ் இதெல்லாம் எம்பரிவாகன்ங்குற கவர்மெண்ட் ஆப்ல நீயே பாத்துரு, அவங்க வாய் வார்த்தைய நம்பாத. எட்டு வருஷம் தாண்டுன வண்டின்னா வருஷா வருஷம் எஃப்சி காட்டணும், அந்தச் செலவையும் கணக்குல வை. லைசென்ஸ் சாதாரண எல்எம்வி போதும், 7500 கிலோவுக்கு உள்ள இருக்க லோடு வண்டிய ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, பேட்ஜ் கேட்டு அலைய வேண்டாம்.

சாயல்குடி கரிமூட்டம்:
தம்பி, வண்டி எதுன்னு பேசுறதுக்கு முன்னாடி மரம் எவ்வளவு கனம்னு தெரிஞ்சுக்கணும். பச்சை மரம் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட ஒரு டன்னுன்னு வச்சுக்க. ஒரு அடி விட்டம், பத்து அடி நீளத்துல ஒரு கட்டை இருந்தா அது 200 கிலோவ தாண்டும். அதே நீளம் ஒன்றரை அடி விட்டம்னா 500 கிலோ. அரை அடிதான கூடுதுன்னு நினைப்போம், கனம் ரெண்டு மடங்குக்கு மேல போயிரும். சின்ன யானை தாங்குறதே முக்கால் டன்தான், நடுத்தரக் கட்டை மூணு போட்டா முடிஞ்சது. தோஸ்த் ஒன்னேகால் டன். அடிமரம் நிறைய வர்ற வேலைன்னா ஏஸ் வேண்டாம்.

ஆனா உனக்கு மட்டை கழிக்கிற வேலையும் இருக்குன்னு சொல்ற. மட்டைக்கும் தழைக்கும் கனம் கிடையாது, இடம்தான் வேணும். அதுக்கு பாடிக்கு மேல நாலு பக்கமும் கழட்டி மாட்டுற மாதிரி பைப் ஃபிரேம் போட்டு கம்பி வலை அடிச்சுக்க. கருவேல முள்ளு லோடுன்னா அந்த வலை இல்லாம கிளம்பவே கூடாது, ரோட்டுல ஒரு கிளை விழுந்தா பின்னாடி டூவீலர்ல வர்றவன் உயிருக்கு யாரு பதில் சொல்றது. பெரிய அடிமரம் எப்பவாவது வந்தா அன்னைக்கு மட்டும் டிராக்டர் டிப்பர் வாடகைக்கு கூப்பிட்டுக்க, அதுக்குன்னு பெரிய வண்டி வாங்கி மாசாமாசம் டியூ கட்டாத.

இப்ப மெஷின். பெரிய மெஷின் வாங்குனாலும் ஒரு வாரத்துல அதுவும் கோணலாத்தான் அறுக்கும், ஏன்னா கோளாறு செயின்ல. வலது பக்கம் வளையுதுன்னா இடது பக்கத்துப் பல்லு மழுங்கியோ குட்டையாவோ இருக்கு. வலது கைக்காரங்க அரம் போடுறப்ப ஒரு பக்கம் நல்லா அழுத்தி தேய்ப்போம், மறுபக்கம் கை வராது, அதான் காரணம். 180க்கு 4 மில்லி உருண்டை அரம், வேற சைஸ் போடாத. இருக்குறதுலயே குட்டையான பல்ல தேடிப் பிடிச்சு அது அளவுக்கு எல்லா பல்லையும் கொண்டு வா, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில இழு. பல்லுக்கு முன்னாடி சின்னதா ஒரு மொட்டு நிக்கும் பாரு, நாலஞ்சு தடவ அரம் போட்டப்புறம் அதையும் தட்டை அரத்தால ஒரு இழுப்பு இழுக்கணும், இல்லேன்னா பல்லு கூரா இருந்தும் மரத்த கடிக்காது. அப்படியும் வளைஞ்சா பார கழட்டி ரெண்டு ஓரமும் சமமா இருக்கான்னு பாரு, ஒரு பக்கம் தேஞ்சிருக்கும். பார அப்பப்ப திருப்பிப் போட்டு மாட்டுனா ஒரே பக்கம் தேயாது.

செயின் நல்லா இருந்தா துண்டு துண்டா சீவல் விழும். மாவு மாதிரி பொடி விழுந்தா அந்த நிமிஷமே நிறுத்தி அரம் போடு. அழுத்தி அறுக்குறதுனாலதான் பார் சூடாகுது.

நம்ம பக்கம் செயின் சீக்கிரம் போறதுக்கு முக்கிய காரணம் மணல். கடலோரத்துல தரையில உருட்டுன கட்டையில மரப்பட்டைக்குள்ள மணல் ஏறியிருக்கும், ஒரே ஒரு தடவ அதுல வச்சா பல்லு போச்சு. அறுக்குற இடத்துல மட்டும் அரிவாளால பட்டைய சீவிட்டு, கட்டைக்கு கீழ ரெண்டு கொம்பு குடுத்து தூக்கி வச்சு அறு. தென்னை, பனையோட வெளி வைரம் நார் ரொம்ப கடுசு, அந்த நாரு ஸ்ப்ராக்கெட் (செயின சுத்துற பல் சக்கரம்) மூடிக்குள்ள போயி அடைச்சுக்கும், ஆயில் வர்ற ஓட்டையையும் அடைக்கும். உன் புகைக்கு அதுவும் காரணமா இருக்கலாம். மூடிய கழட்டி சுத்தம் பண்ணிட்டு, மெஷின ஓட்டி பார் நுனிய ஒரு அட்டைக்கு நேரா பிடி, அட்டையில எண்ணெய்க் கோடு தெறிக்கணும். செயினுக்கு வண்டில வடிச்ச பழைய ஆயில் ஊத்துறியா?

உச்சிப்புளி மரவேலை:
ஆமாண்ணே, பழைய ஆயில்தான் ஊத்துறோம், இங்க எல்லாரும் அதான் பண்றாங்க. மூடிய கழட்டுனேன், உள்ள ஒரு கைப்பிடி நார் அப்பி இருந்துச்சு, பார் பள்ளத்துலயும் கருப்பா கெட்டியாகி இருந்துச்சு. பல்லு நீங்க சொன்ன மாதிரியே இடது பக்கம் பூரா குட்டை.

சாயல்குடி கரிமூட்டம்:
பழைய ஆயில நிறுத்திரு. அதுல இரும்புத் தூள் இருக்கும், பம்ப தின்னுரும். பெட்ரோல் கலவையும் சொல்லிடுறேன், ஸ்டில் கம்பெனி ஆயில்னா லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண டூ டி ஆயில்னா 40 மில்லி. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், நம்ம கடல் காத்து ஈரத்த அது இழுத்துக்கும், அதனால வேலை இல்லாத வாரத்துல டேங்க்ல கலவைய விட்டு வைக்காத, அத வெளிய ஊத்திட்டு மெஷின் தானா ஆஃப் ஆகுற வரைக்கும் ஓட்டி வை.

180 சின்ன மெஷின், 32 சிசி கூட இல்ல. மேல ஏறி கிளை வெட்ட அது நல்லது. அடிமரத்துக்கு 250, 45 சிசி, 18 இஞ்ச் பார் ஒண்ணு எடு, அதுக்கு அரம் 4.8 மில்லி, மாத்தி போட்டுறாத.

பாம்பன் ஏறுற ஆளு:
வின்ச் பத்தி யாருமே சொல்லல, அது உயிர் விஷயம், அதனால நான் சொல்றேன் தம்பி. வண்டியில கட்டி மரத்த நேரா இழுக்காதீங்க. மணல்ல பின் சக்கரம் சுத்திக்கிட்டே நிக்கும், வண்டி மரத்த இழுக்குறதுக்கு பதிலா மரம் வண்டிய இழுத்துரும். நைலான் கயிறு இழுவையில நீளும், அறுந்துச்சுன்னா சவுக்கடி மாதிரி திரும்பி வரும், அந்தக் கோட்டுல நிக்கிற ஆளு தப்ப மாட்டான். மரத்தோட உயரத்த விட நல்லா தள்ளி வேற ஒரு கெட்டியான மரத்து அடியில கப்பி கட்டி, கயிற அது வழியா திருப்பி, விழுற பாதைக்கு வெளிய நின்னு கை வின்ச்சாலயோ செயின் பிளாக்காலயோ இழுங்க. மெதுவா இழுத்தா மரம் உங்க பேச்ச கேக்கும்.

தென்னை, பனைய மத்த மரம் மாதிரி அடியில வாய் வெட்டி சாய்க்கலாம்னு நம்பாதீங்க. வெளியதான் வைரம், உள்ள சோறு, கடைசில விட்டு வைக்கிற பிடிப்பு மரத்த திருப்பி விடாது, நினைக்காத பக்கம் விழும். வீட்டு பக்கத்துல இருந்தா மேல இருந்து துண்டா கயித்துல இறக்குறதுதான் வழி. ஈபி லைன் பக்கத்துல இருந்தா ஆபீஸ்ல எழுதிக் குடுத்து லைன ஆஃப் பண்ண வச்சுட்டு மட்டும் ஏறுங்க, பச்சை மட்டையில கரண்டு பாயும்.

வண்டிக்கு குடுக்குற காசுல கொஞ்சத்த முதல்ல உடம்புக்கு எடுத்து வைங்க. ஹெல்மெட், கண்ணாடி, காதுக்கு மஃப், செயின் பட்டா நாரு வெளிய வந்து செயின நிறுத்துற கால் கவசம், ஷூ. கைலி கட்டிக்கிட்டு செருப்பு போட்டு மெஷின் பிடிக்கிறவங்கள பாத்தா எனக்கு வயித்த கலக்குது. ஆளுங்கள லோடு மேல உக்கார வச்சு கூட்டிட்டுப் போகாதீங்க, சட்டத்துலயும் இடமில்ல, ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸும் நிக்காது.

பனைய வெட்ட கலெக்டர் அனுமதி வேணும், 2021லயே அறிவிச்சாச்சு, ஓனர் என்ன சொன்னாலும் பேப்பர் பாக்காம தொடாதீங்க. கண்மாய்க்குள்ள நிக்கிற கருவேலம் ஏலம் எடுத்தவங்களுக்குத்தான்.

உச்சிப்புளி மரவேலை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிண்ணே. நேத்து டிங்கர் அண்ணன் சொன்ன மாதிரி சுத்தியல் எடுத்துட்டு பொலிரோவ பாக்கப் போனோம். வலது பக்கம் பின் பட்டை கிண்ணிக்கு மேல தட்டுனதும் கருப்பு பெயிண்ட் கை அகலத்துக்கு பேந்து விழுந்துச்சு, உள்ள செங்கல் நிறத்துல பொருக்கு, விரல வச்சா உள்ள போகுது. மாமாவே வேண்டாம்னுட்டார். பரமக்குடி தோஸ்த் சேஸ் முழுக்க டங்குனு கேட்டுச்சு, பிரேக் பைப்பும் சுத்தம், அதுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. செயினுக்கு அரம் போட்டு பார் ஆயில் மாத்துனப்புறம் மெஷின் நேரா அறுக்குது. பார் திருப்பி மாட்டிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். எங்க வீட்ல போர் தண்ணி உப்பு. கடற்கரை வேலைக்கு போயிட்டு வந்து அதுல வண்டிய கழுவலாமா, இல்ல கழுவாமலே விடுறதா?

கீழக்கரை டிங்கர்:
உப்புத் தண்ணில கழுவாத தம்பி, இருக்க உப்பு பத்தாதுன்னு இன்னும் ஏத்துற மாதிரி ஆயிரும். மணலயும் தழையையும் தினமும் விளக்குமாத்தால கூட்டித் தள்ளு, பாடி மூலையில ஈரத்தழை மக்கிக் கிடந்தா அங்கதான் முதல்ல ஓட்டை விழும். வாரத்துக்கு ஒருக்கா ராம்நாடு போறப்ப நல்ல தண்ணி வாட்டர் சர்வீஸ்ல அடிப்பக்கம் மட்டும் அடிச்சுக் குடுங்கன்னு கேளு. வண்டி கைக்கு வந்ததும் பாடிய தூக்கி, கட்டைக்கும் சேஸுக்கும் நடுவுல துரு தடுக்குற ரெட் ஆக்சைடு பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சுட்டு அப்புறம் லோடு ஏத்து. பழைய ஆயில அடியில ஸ்ப்ரே பண்ணிக் குடுக்கேன்னு எவனாவது சொன்னா பட்டை புஷ்லயும் பிரேக் ஹோஸ்லயும் பட விடாத, ரப்பர் ஊறிப்போகும்.

உச்சிப்புளி மரவேலை:
சரிண்ணே. வெள்ளிக்கிழமை வண்டி வருது, பாடிய தூக்குற வேலைய உங்க பட்டறையிலயே பண்ணிரலாமா? சனிக்கிழமை காலைல கீழக்கரை வந்துருவோம்.

கீழக்கரை டிங்கர்:
வா தம்பி, பத்து மணிக்கு மேல வா. யூ போல்ட் எட்டும் புதுசா வாங்கிட்டு வந்துரு, பழசு கழட்டுறப்ப பாதி அறுந்துரும்.